மாசிக்காய் மை

பொலோன்யாவில் நவம்பர். மூடுபனி
வாசலோடு நின்றுகொண்டது.
உள்ளே வந்தவர் எவரிஸ்தோ,
நகராட்சியில் மரம் வெட்டுபவர்.
நாள்காட்டியில் இந்த மரங்களைப் பார்த்தாராம்.
சட்டைக் கையில் காலை வேலையின் மரத்தூள்.

அவருடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு
பென்சில் ஒன்றைக் கொடுத்தாள் ஒர்த்தென்சியா.
இந்த அறையின் விதி அது.
பிறகு பெட்டியைத் திறந்தாள்.

இரண்டு உள்ளங்கை விரித்தால் மறைந்துபோகும் தாள்.
முந்நூற்று எழுபது வருடப் பழுப்பு.
மூன்று மரங்கள், ஒரு சரிவு,
கீழே இருப்பது தண்ணீராக இருக்கலாம்.
வரைந்தவன் பெயர் தெரியாது.

எப்போதும் சொல்வதைச் சொல்லத் தொடங்கினாள்:
இறகுமுனை எங்கே அழுந்தியது, எங்கே நழுவியது,
தூரிகை எங்கே வெறும் நீரைச் சுமந்து போனது,
நடுமரத்து வெயில் யாரும் வரையாதது,
தொடாமல் விட்ட தாள் அது என்று.

அவர் கேட்கவில்லை.
மூச்சு படக்கூடாது என்று அவள் தடுக்கும்வரை குனிந்தார்.
“இடப்பக்கத்து மரம் உள்ளே பொந்து.
இன்னும் ரெண்டு குளிர்காலம்.
அப்புறம் அந்தப் பெரிய கிளை
யார் தலையிலாவது.”

இருபத்தாறு வருடமாக அந்த இடத்தில்
அவள் கண்டது தேங்கி உலர்ந்த ஒரு கறை.
‘நீர் அதிகம்’ என்று
குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள்.
இப்போது கறையின் விளிம்பில் பட்டை சுருண்டது.
கிளை தன் எடையைப்
பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது.
வரைந்தவன் அந்த நிழலில் உட்காரவில்லை.
நல்ல நிழல்தான்.
பத்தடி தள்ளி, வெயிலில் உட்கார்ந்திருக்கிறான்.

எதில் செய்த மை, என்றார்.
மாசிக்காய், என்றாள்.
சிரித்துவிட்டார்.
ஓக் மரத்தின் மொட்டில் குளவி முட்டையிட,
மரம் அதைச் சுற்றி உருட்டிக் கட்டும் வீக்கம்.
அதை இடித்து, ஊறவைத்து, அன்னபேதி கலந்து,
மரத்தின் புண்ணைத் தொட்டு மரம்.

“அதுதான் தாளைத் தின்கிறது” என்று
விளக்கின் எதிரே தூக்கிக் காட்டினாள்.
நிழல் அடர்ந்த இடமெல்லாம் ஊசித்துளைகள்.
இலைகளுக்கு நடுவே
வெளிச்சம் நிஜமாகவே வந்தது.
எல்லாவற்றிலும் பெரிய துளை
அந்தப் பொந்திலேயே.

வைத்தியம் உண்டா?
இருட்டில் வைப்பது, ஈரம் படாமல் வைப்பது.
“நாங்க முட்டுக் கொடுப்போம்” என்றார்,
பெட்டி மூடும்வரை கண் எடுக்காமல்.

அவர் போன பிறகு மேசையில் கொஞ்சம் மரத்தூள்.
ஊதக்கூடாது. மெல்லிய தூரிகையால் ஒதுக்கினாள்.
குறிப்பேட்டில் ‘நீர் அதிகம்’ என்பதை அடித்து,
பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்:
பொந்து.