பிழை எண் 4117

விலைக்கு வாங்கிய பைன் மரம்
கலிபோர்னியாவில் வளர்ந்தது.
ஒன்றையே திருப்பித் திருப்பி நட்டால் காடு.
எங்கள் எஸ்தோனியச் சதுப்பில் அதை நிறுத்தியதும்
லீவிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறு, பலகைப் பாதையை விட்டு இறங்கி
குட்டைப் பைன்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தாள்.
ஒரு பூட்ஸைச் சதுப்பு வைத்துக்கொண்டது.

திங்கள், சோதிக்கிற உர்மோ எழுதினான்:
"மரத்தின் வயது இருநூறு.
உயரம் இடுப்பளவு. சரிசெய்க."

அவள் சரிசெய்யவில்லை.
பாசியில் கொஞ்சம் துருச்சிவப்பு சேர்த்தாள்;
மிதித்த தரை
அரை நொடி யோசித்து எழும்படி செய்தாள்.

இரவு மணி மூன்று.
உர்மோ இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.
பின்னாலிருந்து எவனோ வெட்டுகிறான், வெட்டட்டும்.
வாளைப் பாசியில் செருகிவிட்டு
மண்டியிட்டிருக்கிறான்,
ஒரு மரத்தின் உச்சி
கண்ணுக்கு நேராக.