நடமாட்டம்

கட்டபெட்டு தாண்டி இறங்கும் வளைவில்
வனத்துறையின் மஞ்சள் பலகை:
காட்டெருமை நடமாட்டம் உள்ள பகுதி.
‘காட்டெருமை’க்குப் பக்கத்தில் எவனோ கரித்துண்டால்
‘பேய்’ என்று சேர்த்திருக்கிறான்.
மீதி வாக்கியத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

நான் மின்வாரியக் கணக்கீட்டாளர்.
சில்வர் ஓக் வரிசைக்குப் பின்னால்
மூன்று வருடமாய்ப் பூட்டிய ஓட்டு வீடு.
மீட்டர் வெளிச்சுவரில்.
ஆளில்லை, நாயில்லை,
இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்.

“அங்க என்னமோ இருக்கு மேடம்” என்றார்
வயர்மேன் போஜன்.
என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
சமையலறை நடையில் ஒரு ஜீரோ வாட் பல்பு.
பெயர்தான் ஜீரோ, தின்பது ஐந்து வாட்.
இருபத்துநாலு மணி நேரம், அறுபது நாள்,
பெருக்கிப் பாருங்கள்.
நூறு யூனிட் வரை இலவசம்;
இதற்கெல்லாம் பில் வராது.

அதைப் போட்டுவிட்டுப் போனவன் சாகவில்லை.
திருப்பூரில், பனியன் கம்பெனியில்
ஏற்றுமதிக் கணக்கு பார்க்கிறான்.
எபனேசர்.
இந்நேரம் முன்மண்டையில் வழுக்கை விழுந்திருக்கும்.

செத்தால்தான் வரலாம் என்று விதியா?

அவன் நீட்டிய கறுப்பு டீயின் ஆவி
என் கண்ணாடியை மூடியபோதுதான் சொன்னான்,
எனக்கு உன்னைப் பிடிக்கும் என்று.
சளி பிடிக்கும், சனி பிடிக்கும்,
ஓடுகிற பஸ்ஸைக்கூடப் பிடிக்கும்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன்.
பதில் சொல்லவில்லை.
பிடித்தது அன்றுதான்.

கீழ்லைன் ராசாமணி
கொழுந்து மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினாள்:
“பொழுது சாஞ்சா அந்த கேட்டுகிட்ட
ஒரு பொம்பள உருவம் நிக்குதுங்க.
அசையிறதில்ல. கையில சின்னதா வெளிச்சம்.”
எத்தனை மணிக்கு?
“ஆறரை இருக்கும்.”
கால் இருந்ததா?
“இந்த மூடுபனியில யாருக்குக் கால் தெரியுது?”

அந்த வீட்டுக் கணக்கை நான் எடுப்பது
காலை பதினோரு மணிக்கு.

தை மாதம் வீட்டுக்காரர்
கோவையிலிருந்து கடிதம் கொடுத்தார்:
இடிக்கப் போகிறோம், இணைப்பு வேண்டாம்.
போஜன் ஃப்யூஸைப் பிடுங்கி
என் உள்ளங்கையில் வைத்தார்.
வெள்ளைப் பீங்கான். சில்லென்றிருந்தது.
ஜன்னல் வழியே பார்த்தேன்,
நடை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

இப்போது என் பட்டியலில் அந்த எண் இல்லை.
அந்த வளைவில் எனக்கு வேலையும் இல்லை.

நேற்று ராசாமணி சொன்னாள்,
இன்னும் வருகிறதாம்.
வெளிச்சம் இல்லையாம்.
கையில் மட்டும் வெள்ளையாய் எதையோ
இறுக்கிப் பிடித்திருக்கிறதாம்.