தண்ணீருக்குள் கடை

பெயர் கேட்டது. போட்டேன்:
அமரா கேக் ஹவுஸ்.
ஹவுஸ் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்.
அடுத்த கட்டத்திலேயே கேட்டது.

முகவரி கட்டாயம், சிவப்பு எழுத்தில்.
இரண்டாம் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா
என்று தட்டினேன்.
அப்படி ஓர் இடம் இல்லை என்றது.
நான் பிறந்ததே அதில்தான் என்று சொல்ல
அங்கே கட்டம் இல்லை.

சரி, ஊசியை நீயே குத்து என்று
வரைபடத்தைத் திறந்து காட்டியது.
விரலில் மாவு. சிக்னலும் விட்டு விட்டு வந்தது.
ஊசி போய் விழுந்தது
மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் நட்டநடுவில்.
சேமித்தும்விட்டது.

"அக்கா, கடை தண்ணிக்குள்ளயா?"
முதல் கொமென்ட். கீழே பதினெட்டுச் சிரிப்பு.
"பழைய மஸ்கெலியா டவுன்லதான், முங்கி வாங்க"
என்று பதில் போட்டேன்.
பதிலுக்கு நாற்பது லைக்.
கேக்குக்கு ஆறு.

பிறகு வந்ததெல்லாம் "விலை?"
விலையைப் படத்திலேயே எழுதியிருந்தேன்,
ஐசிங் ரோஜாவைவிடப் பெரிதாக.
"விலை?"
கிலோ மூவாயிரத்து எண்ணூறு.
சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி
சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

பூஸ்ட் பண்ணு, பூஸ்ட் பண்ணு என்று
நீலப் பொத்தான் நச்சரித்தது.
என்னிடம் கார்ட் இல்லை.
பஸாரில் ரஃபாயிதீன் நானாவின் கொமியுனிகேஷன்.
அவர் கார்டில் இரண்டாயிரம்,
அவருக்கு இருநூற்றைம்பது.
"வட்டம் எவ்வளவு பெருசு, தங்கச்சி?"
பத்துக் கிலோமீட்டர்.
பழகிய கை ஊற்றிய தோசை மாதிரி
திரையில் விரிந்தது,
மலை தெரியாத வட்டம்.
பாதி காடு. சிறுத்தை கேக் வாங்காது.
கொஞ்சம் தண்ணீர்.
மிச்சத்தில் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வரை பெண்கள்.
ஆர்வம்: பிறந்தநாள்.
எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு அது
அடையாள அட்டை எடுக்கும்போது
பெரிய கிளாக்கர் ஊகித்த தேதி.

நாலாம் நாள் ராத்திரி, மழையோடு ஒரு மெசேஜ்.
விலை கேட்கவில்லை.
"அக்கரையில இருந்து. ஒரு கிலோ. ஞாயித்துக்கிழமைக்கு."
என்ன பெயர் எழுத?
மூன்று புள்ளி துள்ளியது. நின்றது.
மறுபடி துள்ளியது.
நான் பட்டரே அடித்து முடித்துவிட்டேன்.
"தவமலர். வயசு போட வேணாம்."
மகளா?
"நான்தான்."

நேர்க்கோட்டில் எண்ணூறு மீட்டர்.
வாசலில் நின்றால் அவர்கள் லயத்து பல்ப் தெரியும்.
ரோட்டுக்கு வேறு எண்ணம்.
ஒரு பஸ், பாலத்தடியில் முக்கால் மணி நேரம்,
இன்னொரு பஸ், அப்புறம் ஓட்டோ. பெட்டி மடியில்.
ஒவ்வொரு முடக்கிலும் நான் ஒரு பக்கம் சாய
கேக்கை மறுபக்கம் சாய்த்துப் பிடித்தேன்.
அப்படியும் 'வ' சரிந்து 'ம' மேல் ஏறிவிட்டது.

கோன் கொண்டு போயிருந்தேன். திருத்தித் தரவா என்றேன்.
"இருக்கட்டும். செக்ரோல்ல இதைவிடக் கோணலாத்தான் எழுதுவாங்க."
முப்பத்தெட்டு நூறு ரூபாய்த் தாள்.
இரண்டு முறை எண்ணித் தந்தாள்.

படம் போடவில்லை அவள்.
நட்சத்திரம் ஒன்றும் தரவில்லை.
அன்றிரவு அக்கரை பல்ப்
வழக்கத்தைவிட நேரம் கழித்து அணைந்தது.
வாசலில் நின்று பார்த்ததால் தெரியும்.

காலையில் கணக்கு வந்திருந்தது:
சென்றடைந்தவர்கள் 4,212.
அழுத்தியவர்கள் 96.
மாவு, முட்டை, பஸ், ஓட்டோ, நானாவின் இருநூற்றைம்பது
எல்லாம் போக நட்டம் அறுநூற்று எழுபது.
அதோடு ஒரு கேள்வி:
உங்கள் இருப்பிடம் தவறாக இருக்கலாம், திருத்தவா?

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
அங்கிருந்து இரண்டு கரைக்கும்
கிட்டத்தட்ட ஒரே தூரம்.

கீழே புதிதாக ஒருவர் கேட்டிருந்தார்:
"விலை?"