காற்று எடுத்தல்

நைட் ட்யூட்டி முடிந்து களியலில் பஸ் இறங்கும்போது
மழை விட்டிருந்தது.
முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில்
வயிறு திறந்து நின்றது அது.
பதினாலு மாதம் கட்டைமேல் கிடந்ததை
நேற்றுத்தான் சக்கரத்தில் இறக்கினார்கள்.

எண்பத்தேழாம் வருடத்து டீசல் ஜீப்.
ஏதோ எஸ்டேட்டில் கைவிட்டது.
ஒட்டுபால் நாற்றம் தகரத்துக்குள் ஊறி
சோப்புப்பொடி மூன்று கிலோவுக்கும் அசையவில்லை.
றசல் அதை இரும்பு விலைக்கு வாங்கினார்.
அதன்பிறகு போட்டது
இரும்பு விலையில்லை.

மேலே ஒன்றரை ஏக்கர் ரப்பர்.
ஷீட்டைத் தலைச்சுமையாய் இறக்குகிறோம்,
ஆடி மழையில் காலில் அட்டையோடு.
அதனால் சரி என்றேன். ஒருமுறைதான் சொன்னேன்.

பெயின்டைச் சுரண்டினார்:
பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே ஓட்டை.
தாசையன் ஆராதனை முடிந்து
வெள்ளை வேட்டியை மாற்றாமல்
மூன்று ஞாயிறு வெல்டிங் வைத்தார்.
வேட்டியிலும் இப்போது ஓட்டை.
அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை.

மார்த்தாண்டத்தில், எங்கோ மோதி நொறுங்கிய வண்டியிலிருந்து
பவர் ஸ்டியரிங்.
முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், வடசேரியில் சொல்லிவைத்து,
இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.
கோயம்புத்தூர் பார்சலில் ஒரு டர்போ;
அதை என் பழைய நைட்டியில் பொதிந்து
அலமாரியில், என் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.
ஒருவருடையதை ஒருவருக்கு வைப்பது
எங்கள் ஆஸ்பத்திரியிலும் உண்டுதான்.
ஆனால் அவர்கள் அளந்துவிட்டு வெட்டுவார்கள்.
இங்கே வெட்டிவிட்டு அளந்ததில்
ரேடியேட்டருக்கு இரண்டு இஞ்சு இடமில்லை.

இன்று ராத்திரி முழுக்க ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள்.
பேட்டரி முனகியது. நின்றது.
"எளவு, இஞ்சின் செத்துப்போச்சு மக்கா"
என்றார் தாசையன், பீடியைக் கீழே போட்டு.

செத்தது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.
மூன்றே காலுக்கு ஆறாம் கட்டிலை மூடிவிட்டு வருகிறேன்.
இது அதில்லை.

டேங்கிலிருந்து வரும் மெல்லிய குழாயில்
ஒரு குமிழி நின்றது,
போகவும் இல்லை, வரவும் இல்லை.
"காற்று" என்றேன்.
"எல்லாம் எடுத்தாச்சு" என்றார் றசல், திரும்பாமல்.
"எடுக்கல்ல. அன்னா நிக்குது பாரும்."

குடையைச் சாய்த்துவைத்துவிட்டு
பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன்.
ஃபில்டர் தலையில் திருகைத் தளர்த்தி
கைப்பம்பை அழுத்த, முதலில் நுரை.
பிறகு துப்பல் துப்பலாய்.
பிறகு
கம்பிபோல் டீசல்.
ஓடும்போதே இறுக்க வேண்டும்.
நின்றபின் இறுக்கினால் காற்று திரும்ப ஏறும்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை.
பத்தொன்பது வருடமாய்
விரலால் குழாய் தட்டுகிறேன்.

ஜெபிஷின் ஆட்டோவிலிருந்து பேட்டரி கடன் வாங்கி
இன்ஜெக்டர் நட்டை ஒவ்வொன்றாய்த் தளர்த்த
மூன்றாவது என் யூனிஃபார்மில் துப்பியது.
நாலாவதை இறுக்கும் முன்பே
பிடித்துக்கொண்டது.

அயனிப் பிலாவில் இருந்த காக்கா முழுக்க எழும்பியது.
மட்கார்டில் வைத்த ஸ்பேனர்கள்
நடந்து நடந்து விளிம்புக்குப் போய் விழுந்தன.
கரும்புகை, அப்புறம் வெண்புகை, அப்புறம்
ஒன்றுமில்லாத சூடு.
தாசையன் "கொள்ளாம்" என்று என்னிடம் சொல்லாமல்
ஜீப்பிடம் சொன்னார்.
ஐட்லிங் கொஞ்சம் ஏறி இறங்கியது.
பழக்கத்தில் வாட்சைப் பார்த்தேன்.

றசல் உள்ளே ஏறி, கிளட்சை மிதித்து,
என்னைப் பார்த்துப் பக்கத்து சீட்டைத் தட்டினார்.
அங்கே சீட் இல்லை. கவிழ்த்த வாளி.

பிரேக் பாதிதானே என்றேன்.
முன்டயருக்கு அண்டை கொடுத்திருப்பது
நான் துணி துவைக்கும் கல்.
யூனிஃபார்மை ஊறவைக்கணும்,
ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பவும் ட்யூட்டி.
வண்டி ஓடட்டும், ஓடாமல் நிற்கட்டும்,
முதலில் என் கல்லை எடுத்துத் தாரும்.