நூற்றொன்றாம் இடம்

பாரத்தில் உங்கள் பெயரைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள்.
தொழிலை அடிக்க மறந்துவிட்டார்கள்:
மின்தூக்கி பழுதுபார்ப்பவர், செத்தாப்பாக்.

டிங்கியிலிருந்து பிழைத்த ஆறாம் வாரம்
நீங்கள் கொடுத்த இரண்டு குப்பி ரத்தத்தில்
ஒற்றைச் செல்லைப் பிரித்தெடுத்தாள் சியூ லிங்.
அது சுரக்கும் எதிர்ப்பொருள்
வைரஸின் மேலுறையைக் கவ்வுகிறது, சரி.
எந்த இடத்தில்?
எட்டு மாதமாக எனக்கு அதுதான் வேலை.

அந்தப் புரதம்
நானூற்றுச் சொச்சம் எழுத்துள்ள ஒரே சொல்.
ஓர் எழுத்தை உருவிவிட்டு
அங்கே அலனினை வைப்பேன்,
கொக்கியில்லாத, யாரையும் உறுத்தாத அலனின்.
பிறகு கேட்பேன், இப்போதும் பிடிக்கிறதா?
குழி மஞ்சளானால் பிடிக்கிறது.
அடுத்த எழுத்து.

இருட்டில் சுவிட்சு தேடுகிற மாதிரி என்பாள் நோராஸ்லினா.
எனக்கென்னவோ
வலிக்கிற பல் எதுவென்று
நாக்கால் ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்க்கிற மாதிரி.

தொண்ணூற்றெட்டு மஞ்சள்.
தொண்ணூற்றொன்பது, கொஞ்சம் வெளிறிய மஞ்சள்.
நூறு மஞ்சள்.
நூற்றொன்று
தண்ணீர்.

பிப்பெட்டைச் சந்தேகப்பட்டேன்.
என்னைச் சந்தேகப்பட்டேன்.
வெளியே ஜாலான் பஹாங்கில் நாலுமணி மழை
முழங்கால் அளவு ஏறி
கார்கள் ஹாரனில் திட்டிக்கொண்டிருக்க
மூன்றாம் தடவையும் தண்ணீர்.
நூற்றேழிலும் அப்படியே.

குதித்திருக்க வேண்டும்.
ஆனால் அது எனக்குத் தெரிந்த இடம்.
வைரஸ் நம் செல்லுக்குள் குத்தி இறங்கும் முனை.
நாலு வகை டிங்கிக்கும் ஏறக்குறைய ஒரே முனை.
நாலையும் தெரிந்து வைத்திருக்கிற கை
பெரும்பாலும் ஒன்றையும் இறுக்கிப் பிடிப்பதில்லை.
அரைப்பிடியாய்ப் பிடித்துக்கொண்டு
தன் வாலை வெள்ளணுவின் வாசலில் மாட்டி
உள்ளே கூட்டிப்போய் விட்டுவிடும்.

உங்கள் தொழிலில் சொன்னால்:
கதவு மூடுகிற நேரம்
யாருக்காகவோ குறுக்கே நீளும் கை.
காவலுக்கு நிறுத்தியதுதான்.
மரியாதை கொஞ்சம் கூடிப்போயிற்று.

பாரத்தின் அடியில் 'கருத்து' என்ற கட்டத்தில்
கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்,
"இன்னும் வேணும்னா கூப்பிடுங்க. ரத்தம் இருக்கு."
கூப்பிட எனக்கு அனுமதியில்லை.
அனுமதி இருந்தால்?
உங்கள் ரத்தம் பயன்பட்டது, ஐயா.
தடுப்பூசியில் எந்த எழுத்தை மறைக்கலாமென்று காட்டிக்கொடுத்தது.
நீங்கள் மட்டும்
இன்னொரு கொசுவுக்குக் கை காட்டிவிடாதீர்கள்.
இதை ஃபோனில் எப்படிச் சொல்வது.

ராத்திரி பத்தேகால்.
எங்கள் அடுக்ககத்தின் மூன்று மின்தூக்கிகளில்
இரண்டில் 'ரோசாக்' அட்டை.
மூன்றாவதில் ஏறிப் பதினொன்றை அழுத்தினேன்.
கதவு நகரும்போது
நடைபாதையில் செருப்புச் சத்தம், ஓடி வருகிறது.

என் கை தானாகப் போயிற்று.
போன பிறகுதான் பார்த்தேன்,
மணிக்கட்டில் கையுறையின் ரப்பர்த் தடம்
இன்னும் சிவப்பாய்.

யாரோ ஒரு பையன். முன்பின் பார்த்ததில்லை.
"தேங்ஸ் கா" என்றான்,
பதினாறை அழுத்தினான்.