கீழ்வீட்டுப் பிரிட்ஜ்

ஒன்பது வயதில் வந்த சீனி வருத்தம்.
இருபத்தைந்து வருடமாய் இன்சுலின் என் பிரிட்ஜ் கதவில்,
மாசிச் சம்பல் போத்தலுக்குப் பக்கத்தில்.
பல் தீட்டுவதுபோல. அதைப் பற்றி
யோசித்ததே இல்லை.

அந்த வியாழக்கிழமை யோசித்தேன்.

கொட்டாஞ்சேனையில் மழை.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
விளக்கோடு நனைந்துகொண்டு நின்றன.
வேலை போய் நாலு மாதம். டெரன்ஸ் போய் ஆறு.
வாடகை கேட்டு வந்தவர் வாசலில்
செருப்பைத் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்.
பிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே எரிந்த சின்ன வெளிச்சத்தில்
இவ்வளவு காலம் என்னை வைத்திருந்த மருந்து
வேறு முகத்தோடு பார்த்தது.

திறந்தபடியே நின்றதில்
பிரிட்ஜ் கீ கீ என்று கத்தத் தொடங்கியது.
அந்தச் சத்தம் தாங்காமல்தான்
(வேறு ஞானம் ஒன்றுமில்லை)
கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.

ஃபஸ்மியா மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.
வெங்காயம் கேட்க வந்தேன் என்று நினைத்திருப்பாள்.
"இண்டைக்கு இரவு எனக்குத் தனிய இருக்கப் பயமா இருக்கு."
அவ்வளவுதான்.
அவ்வளவைச் சொல்ல இருபத்தாறு படி தேவைப்பட்டது.

புத்திமதி இல்லை. கடவுளை இழுக்கவில்லை.
பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நேரே கேட்டாள்:
"செத்துப் போக யோசிக்கிறீங்களா, பெனடிக்டா?"
தெருவில் யாரும் வாயில் எடுக்காத சொல்லை
உப்புக் காணுமா என்பதுபோலக் கேட்டாள்.
ஓம் என்றேன்.
ஓம் என்ற பிறகு மூச்சு வந்தது.

மேலே வந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள்.
1926 அடித்து ஃபோனை என் காதில் வைத்தாள்.
அந்தப் பக்கம் ஒரு பெண். கொஞ்சம் தடுமாறும் தமிழ்.
அவசரமே இல்லை அவளுக்கு.
விடிய முந்தி ஓட்டோவில் பெரியாஸ்பத்திரி.

வார்டில் இளம் டொக்டர் சொன்னார்:
"தூக்கம் மாதிரி என்று நினைக்கிறார்கள். இல்லை.
சீனி இறங்க இறங்க மூளை பட்டினி கிடக்கும்.
தப்பி வந்தும்
பிள்ளையின் பெயர் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள்.
பிழையாகப் போட்டுவிட்டால்
சுகமாய் இருக்கிறேன் என்று சொன்னாலும்
உடனே இங்கே வரவேண்டும்."
பிறகு, "ஊசியை நிறுத்துவதும் ஆபத்து."
சிரிப்பு வந்தது எனக்கு.
எறிய முடியாத ஒன்றோடு எப்படிக் குடியிருப்பது?
செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக் மிஸ்ஸோடு
அதைத்தான் கதைக்கிறேன்.

இப்போது காலையும் இரவும் படியிறங்குகிறேன்.
ஃபஸ்மியா எடுத்துத் தருகிறாள்.
வட்டிலப்பம் இருந்தால் தட்டால் மூடிவிட்டுத் தருகிறாள்.
சில நாள் கதைக்க ஒன்றுமில்லை.
சில நாள் அந்த நினைப்பு இன்னும் வரும்.
அதையும் படியில் வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியின் மேல் அவள் மகன்
சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறான்:
தொடாதே. மேல்வீட்டு அன்ட்டியின் உயிற்.

திருத்தச் சொல்லி அவனை அதட்டினாள்.
நான்தான் வேண்டாம் என்றேன்.