கண்ணெதிரே

சாவித் துவாரம் பழுது.
புதுசுக்கு அறுபது வெள்ளி.
சம்பளம் வரட்டும் அண்ணே, என்றான் சர்வின்.
சிவப்பையும் கறுப்பையும் முறுக்கி
நான்தான் கட்டிக் கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை.

வெள்ளி ராத்திரி பதினொன்றே கால்.
எண்ணெய் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் முடித்து
சங்கிலி அறுந்த மோட்டாரைத் தள்ளிக்கொண்டு
தாமான் வழியே வந்திருக்கிறான்.
செம்பனைக்குள் சுற்றினால் மூன்று மைல்.

ரோந்துக்காரர் ஆறு பேர்.
சாவி எங்கே என்றது மலாயில் ஒரு குரல்.
இன்னொன்று சீனத்தில் யாரையோ எழுப்பியது.
"லயத்துப் பயதான், எனக்குத் தெரியாதா"
என்றது சுத்தமான தமிழ்.

என் கடையைத் தட்டினார்கள்.
கேபிள் டை இருக்கா, பாஸ்?
ஷட்டரை ஒரு சாண் தூக்கி நாலு நீட்டினேன்.
கறுப்பு. முப்பது சென்டிமீட்டர்.
ஒரு வெள்ளி இருபது காசு வாங்கிக்கொண்டேன்.
அண்ணே என்று அவன் கூப்பிட்டதும்
அந்த ஒரு சாண் வழியாகத்தான் வந்தது.
இறக்கிவிட்டேன்.

பாலாய் எண்ணூறு மீட்டர்.
அங்கே அவன் போய்ச் சேர்ந்தது விடிகாலை நாலரைக்கு.
அதுவரை விளக்குக் கம்பம்.

காலையில் என்னையும் கூப்பிட்டார்கள்.
சார்ஜன் ரோஸ்லான் நிதானமாகச் சொன்னார்:
பொதுமக்களும் பிடிக்கலாம்.
ஆனால் பெரிய குற்றமாக இருக்கணும்,
உன் கண்ணெதிரே நடக்கணும்,
பிடித்த கையோடு எங்களிடம் ஒப்படைக்கணும்.
சரி, கண்ணெதிரே என்ன பார்த்தீங்க?

மோட்டார் தள்ளினான்.
அது குற்றமா?
சாவி இல்லை.
அது குற்றமா?
ஆறு பேரும் மேசையைப் பார்த்தார்கள்.
டார்ச் முதலில் எதன்மேல் விழுந்தது,
மோட்டார்மேலா முகத்தின்மேலா,
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வயரை முறுக்கியது நான் என்றேன்.
ராத்திரியே ஏன் சொல்லலை, என்றார்.
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கிரீஸ் எது தோல் எது என்று
எனக்கே பிடிபடாத கை.
வெளியே வந்திருந்தால்
அந்த டார்ச் என்மேலும் விழுந்திருக்கும்.
இதை வாக்குமூலத்தில் எழுதச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்தான்.
இரு மணிக்கட்டிலும் வளையல்போல நீலம்.
புதுத் துவாரம் போடுங்க, என்றான்.
போட்டேன். சங்கிலியும் மாற்றினேன்.
காசு வேண்டாமென்று தலையாட்டினேன்.
அறுபது வெள்ளியை எண்ணி
கேபிள் டை டப்பாவின்மேல் வைத்தான்.
சங்கிலிக்கு எவ்வளவு,
பாஸ்?